ஆலங்கிணற்று ரோட்டுச் சேதி

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பொன்னழகு மோட்டார் சர்வீஸ் புக்கிங் ஆபீசுக்கு நேர் எதிரே என் சைக்கிள் கடை. வாடகைச் சைக்கிள் விடுவது, பஞ்சர் ஒட்டுவது, பெண்டு எடுப்பது, இதுதான் பிழைப்பு. பஞ்சர் ஒட்டுகிறவனுக்குக் கைக்குத்தான் வேலை, காதும் வாயும் சும்மாதானே கிடக்கும். அதனால் அந்த ஆபீசில் யார் தும்மினாலும் எனக்குத் தெரிந்துவிடும். அறுபது, அறுபத்தொன்று வாக்கில் சூசையண்ணன் அங்கே டிராபிக் கிளார்க். எந்த பஸ் எந்த ரோட்டில் போக வேண்டும் என்று சொல்வது அவர் பொறுப்பு. வெயில் காலத்தில் அது ஒரு வேலையே இல்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் மனுசன் சோறு தின்னக்கூட எழுந்திருக்க முடியாது.

எங்கள் பக்கத்து மழையின் லட்சணம் அப்படி. ஊருக்குள் வெயில் சுள்ளென்று அடிக்கும். மலையில் கொட்டித் தீர்க்கும். நேற்றுவரை ஆடு மேய்ந்த ஓடையில் செத்த நேரத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் உருண்டு வரும். பாலம் என்று இருந்ததெல்லாம் தரைப்பாலம். வெள்ளம் வந்தால் பாலத்துக்கு மேலேதான் போகும். பஸ் இந்தப் பக்கமே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ரோட்டில் சுற்றிப் போக வேண்டும். நிலக்கோட்டைக்கு ஆலங்கிணறு வழியாகப் போனால் கிட்ட. அந்த வழியில் பெரிய ஓடை ஒன்று குறுக்கே வரும். கோடைரோடு சுற்றிப் போனால் ஓடை இல்லை, ஆனால் போய்ச் சேர்வதற்குள் பூ மார்க்கெட் பாதி கலைந்திருக்கும்.

ஆகவே ரோட்டின் நிலவரம் தெரிந்தாக வேண்டும். கம்பெனிக்கு நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, வடமதுரை மூன்று ஊரிலும் ஆபீஸ் உண்டு, ஆபீசுக்கு ஒரு போன் உண்டு. ஆலங்கிணற்றில் ஆபீஸ் கிடையாது. ஓடைக்கு அந்தக் கரையில் ஒரு அரிசி மில் இருந்தது, அதில் போன் இருந்தது. மில் கணக்குப்பிள்ளை நல்லுசாமி கம்பெனிக்கு டிக்கெட் ஏஜெண்டாகவும் இருந்தார். மில் வாசலில் நின்றால் தரைப்பாலம் தெரியும்.

மழைக்காலத்தில் ஒவ்வொரு ஆபீசும் மணிக்கொரு தரம் மற்ற எல்லா ஆபீசையும் கூப்பிட்டு ரோட்டு நிலவரம் சொல்ல வேண்டும் என்பது முதலாளி பொன்னழகுவின் உத்தரவு. நல்ல உத்தரவுதான். நம் ஆட்கள் அதை நிறைவேற்றிய அழகைத்தான் சொல்ல வேண்டும். நிலக்கோட்டைக்காரர் தன் ரோடு நல்லாருக்கு என்று திண்டுக்கல்லுக்கும் சொல்வார், வத்தலக்குண்டுக்கும் சொல்வார். வத்தலக்குண்டுக்காரர் அதைத் திண்டுக்கல்லுக்குச் சொல்வார். சூசையண்ணன் அதை வடமதுரைக்குச் சொல்வார். கடைசியில் வத்தலக்குண்டுக்காரர் நிலக்கோட்டையையே கூப்பிட்டு, "ஒங்க ஊர் ரோடு நல்லாருக்காம்ல" என்பார். ஒரு தரம் வடமதுரைப் பக்கம் ஒரு ஓடை வந்து, வந்த வேகத்தில் வடிந்தும் போய்விட்டது. அடைப்பு என்கிற சேதி மட்டும் வடியவில்லை. இவன் சொன்னான், அவன் சொன்னான் என்று ஆபீஸ் ஆபீசாகச் சுற்றி, பொழுது சாயும்வரை பஸ்ஸெல்லாம் சும்மா நின்றன. காய்ந்த ரோட்டை வைத்துக்கொண்டு ஜனங்கள் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள்.

இத்தனைக்கும் அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து டிரங்க் லைன் ஒன்றுதான். எக்ஸ்சேஞ்சில் சொல்லி வைத்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். பூ வியாபாரிகள் பாடு திண்டாட்டம். மல்லிகை காலையில் மொட்டு, உச்சிக்குள் விற்றாக வேண்டும். பூக் கமிஷன் கடை ஜெகபர் அலி பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் நேராக ஆபீசுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"சூசையண்ணே, மல்லி என்ன விலைன்னு கேக்க லைன் கேட்டா, ஒங்க ரோடு நல்லாருக்கிற சேதிதான் ஊரூராப் போய்ட்டு இருக்கு. நல்லாருக்கிற ரோட்டுக்கு எதுக்குண்ணே இம்புட்டுப் பேச்சு?"

சூசையண்ணனுக்கு அது சுருக்கென்று பட்டுவிட்டது. அன்று முழுக்க அதையே யோசித்தார். மறுநாள் முதலாளியிடம் போய் இரண்டு விஷயம் சொன்னார். ஒரு சேதியை யாரிடமிருந்து கேட்டோமோ அவருக்கே திருப்பிச் சொல்லக் கூடாது. ரோட்டில் மாறுதல் இருந்தால் மட்டும் கூப்பிட வேண்டும், மாறுதல் இல்லையென்றால் போனைத் தொடவே கூடாது. கூப்பிடவில்லை என்றால் ரோடு நல்லாருக்கு என்று அர்த்தம். முதலாளி தலையை ஆட்டினார். சூசையண்ணன் ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டு விளக்கினார். எல்லாரும் சரி என்றார்கள். ஆலங்கிணற்று நல்லுசாமி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அவர் போனில் பேசினால் ரோட்டைத் தாண்டி என் கடைக்கே கேட்கும்.

"அது சரிண்ணே. நான் கூப்பிடலன்னா ரோடு நல்லாருக்குன்னு எடுத்துக்குவீக. என்னால கூப்பிடவே முடியாமப் போச்சுன்னா?"

"ஒன் வாயி எப்பலே முடியாமப் போயிருக்கு?" என்றார் சூசையண்ணன். ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ரூல் பிரமாதமாக வேலை செய்தது. லைன் காலியாகவே கிடந்தது. பாய் ஒரு பந்து மல்லிகை கொண்டுவந்து ஆபீசில் இருந்த மாதா படத்துக்குப் போடச் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் வந்தால் நல்லுசாமி கூப்பிடுவார், பஸ் சுற்றிப் போகும். வடிந்தால் கூப்பிடுவார், பஸ் நேரே போகும். அந்த மழைக்காலம் முழுக்க ஒரு ட்ரிப் தவறவில்லை. சூசையண்ணன் நடையே மாறிப்போனது. தப்பில்லை, நாலு ஆபீஸ் வேலையை ஒரு வார்த்தையில் லேசாக்கியவர் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தால்தான் என்ன.

மரியநாதபுரத்தில் என் வீட்டுக்கு மூன்றாம் வீடு அவர் வீடு. அவர் மனைவி ஆனந்தமேரி அக்கா சுருட்டுக் கம்பெனிக்காகப் புகையிலை நரம்பு கிழிப்பார். ஈரம் தெளித்த இலையை மடியில் விரித்து, நுனியில் பிடித்து ஒரே இழுப்பு. நடு நரம்பு முழுசாகக் கையோடு வந்துவிடும். இடது பாதி இந்தப் பக்கம், வலது பாதி அந்தப் பக்கம். பேசிக்கொண்டே செய்வார், குனிந்து பார்க்க மாட்டார். அந்தத் தெருவுக்குள் நுழைந்தாலே புகையிலை நெடி தலையைச் சுற்றும்.

ஒரே மகன் கிறிஸ்துராஜ். அதே கம்பெனியில் டிரைவர். விடியற்காலைப் பூ ட்ரிப் அவனுடையது. காலி பஸ்ஸைக் கூடைகளோடு ஓட்டிப் போய், நிலக்கோட்டையில் பூவையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு வருவான். என் கடையில் டீ குடிக்கும்போது அப்பாவைக் கேலி பண்ணுவான். "எங்க வீட்லயும் அதே ரூலுதான் மாமா. அம்மா பேசலைன்னா கோவம் இல்லன்னு அப்பா எடுத்துக்குவாரு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் சோத்துல உப்பு இல்லன்னு தெரியும்." இப்படிச் சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரிப்பான். நல்ல பையன். நல்ல பையன் என்று எழுதும்போது எனக்கு இப்போதும் கை நின்றுவிடுகிறது.

அது மறு வருசம் கார்த்திகை மாசக் கடைசி, வெள்ளிக்கிழமை. ஊருக்குள் ஒரு சொட்டு மழை இல்லை. நான் கடை திறந்து சைக்கிள்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துராஜ் பஸ்ஸை ஆபீஸ் வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"அப்பா, எந்தப் பக்கம் போகட்டும்?"

"ஆலங்கிணறு வழியாவே போ."

"மலை கருத்துக் கெடக்கே. நல்லுசாமி மாமா ஏதும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. அதான் போங்கிறேன்."

கண்டக்டர் கருப்புசாமி படியில் ஏறி விசில் கொடுத்தான். பஸ் போனது. சூசையண்ணன் உள்ளே போய் உட்கார்ந்தார். போன் அவர் கைக்கெட்டும் தூரத்தில் சும்மா இருந்தது.

ஆலங்கிணற்றில் என்ன நடந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் நாள் சாயங்காலமே காற்றில் ஒரு பனைமரம் சாய்ந்து போன் கம்பியை அறுத்துப் போட்டுவிட்டது. விடியும் முன்னே ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லுசாமி போன் கைப்பிடியைச் சுற்று சுற்று என்று சுற்றியிருக்கிறார். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஆளை அனுப்பலாம் என்றால் அவர் இருப்பது அந்தக் கரை. அங்கிருந்து போன் பண்ணச் சொல்லி நிலக்கோட்டைக்கு ஒருவனைச் சைக்கிளில் விரட்டிவிட்டு, இவர் கரையில் வந்து நின்றிருக்கிறார்; இவர் போட்ட சத்தம் தண்ணீர் இரைச்சலில் எதிர்க்கரைக்கு எட்டவில்லை. சைக்கிள்காரன் நிலக்கோட்டை போய்ச் சேரும் முன் பஸ் ஓடைக்கு வந்துவிட்டது.

கருப்புசாமி ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக வெயில் ஏறிவிட்டது. ஏதோ லாரியில் வந்து இறங்கினான். உடம்பெல்லாம் சேறு, ஒரு காலில் செருப்பு இல்லை. சூசையண்ணன் முன்னால் நின்றுகொண்டு, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னான்.

"பாலத்து மேல தண்ணி ஓடிட்டிருந்துச்சுண்ணே. முழங்காலுக்குக் கீழதான் தெரிஞ்சுச்சு. எறங்கிப் பாக்கட்டுமான்னு கேட்டேன். ஆபத்துன்னா மில்லுலருந்து அப்பாவுக்குச் சொல்லிருப்பாக, ஒண்ணும் வரலையேன்னான். நடுப் பாலத்துல வச்சு இன்ஜின் நின்னு போச்சு. அப்புறம் மேலருந்து ஒரு தண்ணி வந்துச்சுண்ணே. நான் வாசப் பக்கம் நின்னேன், கருவ மரத்தைப் புடிச்சிட்டேன். அவன் உள்ள இருந்தான்."

சூசையண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. பஸ் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று மட்டும் கேட்டார். டிரைவர் பக்கம் என்றான் கருப்புசாமி. போனை எடுத்து மில்லைக் கேட்டார். லைன் நேற்றிலிருந்தே டெட் என்று எக்ஸ்சேஞ்சில் சொன்னார்கள். "நேத்துலருந்தா" என்று கேட்டுவிட்டுச் சரி என்றார். அதற்குள் முதலாளி காரை எடுத்துக்கொண்டு வந்து, ஏறுங்கள் போகலாம் என்றார். செத்த இருங்கள் என்று சொல்லி, நிலக்கோட்டையைக் கூப்பிட்டார். வத்தலக்குண்டைக் கூப்பிட்டார். ஆலங்கிணறு அடைப்பு, பஸ்ஸெல்லாம் கோடைரோடு சுற்றட்டும் என்று சொன்னார். குரல் ஒரு இம்மி பிசகவில்லை. பிறகு காரில் ஏறும்போதுதான் படி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் காலால் துழாவினார்.

என்னைப் பார்த்து, அக்காவிடம் சொல்லிவிடு என்றார். என்ன சொல்வது என்று சொல்லவில்லை.

நான் போனபோது அக்கா கூடத்தில் உட்கார்ந்து நரம்பு கிழித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வீட்டில் கவிச்சி கிடையாது. கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, அவன் பங்கைத் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். பஸ் ஓடையில் மாட்டிக்கொண்டது, கருப்புசாமி வந்துவிட்டான், கிறிஸ்துராஜைத் தேடுகிறார்கள், அண்ணன் போயிருக்கிறார் என்றேன். 

அக்கா கையில் இருந்த இலையை முடித்து வைத்துவிட்டுக் கேட்டார். "போன் வந்துச்சா?"

"இல்லக்கா."

"அப்ப ஒண்ணும் இருக்காது. வரலன்னா நல்லாருக்குன்னுதான ஒங்கண்ணன் சொல்லுவாக."

 அந்த மில் போன் நேற்றிலிருந்தே டெட் அக்கா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். யாரோ ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். அக்காவும் சொன்னார், ஆனால் கை நிற்கவில்லை. மதியம் கம்பெனிக்காரன் இலை வாங்க வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனான். கூடையில் இலை தீர்ந்துவிட்டது. அக்கா கிழித்து அடுக்கி வைத்திருந்த பாதி இலைகளை எடுத்து மடியில் விரித்து, இல்லாத நரம்பைப் பிடித்து இழுத்துக் கிழித்தார். ஒன்று, இன்னொன்று. யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் அந்தக் கையை அப்புறம் எங்கே வைத்துக்கொள்வார்.

பொழுது சாய்கிற நேரத்தில் கார் வந்து தெரு முனையில் நின்றது. அவனை ஓடையின் கீழ்ப்பக்கம் முள்ளுக்காட்டில் கண்டெடுத்திருந்தார்கள். காரை விட்டு இறங்கிய சூசையண்ணன் வாசல்வரை வந்து நின்றுவிட்டார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.  அவர் பேசாமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அக்கா மடியில் கிடந்த இலையை உதறிவிட்டு எழுந்தார்.

அடக்கத்துக்கு நல்லுசாமி வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக நின்றவர், கூட்டம் கலைந்ததும் சூசையண்ணன் காலில் விழப் போனார். அண்ணன் அவரைப் பிடித்து நிறுத்தி, நீ என்ன பண்ணுவ, உன் கம்பிதானே அறுந்தது, கூப்பிடாட்டி நல்லாருக்குன்னு சொன்னது நான்தானே என்றார். அழாமல் சொன்னார். நல்லுசாமிதான் அழுதார்.

முதலாளி எத்தனை நாள் வேண்டுமானாலும் வீட்டில் இருங்கள் என்றார். சூசையண்ணன் எட்டாம் நாளே ஆபீசுக்கு வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எடுத்தார். ஆலங்கிணறு. தண்ணி இல்ல, ரோடு நல்லாருக்கு என்றது நல்லுசாமியின் குரல். சரி என்று வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அடித்தது. அதே குரல், அதே சேதி. பிறகு நிலக்கோட்டை. பிறகு வத்தலக்குண்டு, வடமதுரை. யாரும் உத்தரவு போடவில்லை. ரூலை மாற்றவும் இல்லை. அவரவர்களாகவே கூப்பிட்டார்கள். மணிக்கொரு தரம் எல்லா ஊரும் தங்கள் ரோடு நல்லாருக்கு என்று சொன்னது. அவரும் ஒவ்வொன்றுக்கும் சரி என்றார்.

லைன் பழையபடி நெருக்கடி ஆகிவிட்டது. பூக்கடைக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். அந்த வருசம் புதிதாகக் கடை போட்ட ஒருவர் எக்ஸ்சேஞ்சோடு சண்டை பிடித்து, நல்லாருக்கிற ரோட்டுக்கு எதுக்கய்யா போன் என்று ஆபீஸ் வாசலிலேயே நின்று சத்தம் போட்டார். ஜெகபர் அலி பாய் வந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பாயின் பூ அன்று கூடையிலேயே வாடியது. 

தை போனது, மாசி போனது. பங்குனி வெயிலில் ஓடை மணலாகக் கிடந்தது. வண்டிக்காரர்கள் அதில் மணல் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் நல்லுசாமி கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். தண்ணி இல்ல, ரோடு நல்லாருக்கு. எனக்கே சில சமயம் எரிச்சலாக வரும், யோவ் அது மணலய்யா என்று கத்தலாம்போல் இருக்கும். சூசையண்ணனுக்கு எரிச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. எடுப்பார், சரி என்பார், வைப்பார். கூப்பிட வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை, அவர்களுக்குக் கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை.

ஆனந்தமேரி அக்கா மறுபடி நரம்பு கிழிக்க ஆரம்பித்திருந்தார். மதியம் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து ஆபீஸ் ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். உள்ளே வர மாட்டார். யாரோடும் பேச்சு இல்லை. என்னிடம் மட்டும், சோத்துக்குத் தொட்டுக்க என்ன வெஞ்சனம் என்று நான் கேட்டால், இருக்கு என்பார்.

ஒருநாள் அப்படி வந்தபோது அண்ணன் இல்லை. ஸ்டாண்டுக்கு உள்ளே ஒரு பஸ்ஸை அனுப்பப் போயிருந்தார். நான் பஞ்சர் ஒட்டிய ஆபீஸ் பையனின் சைக்கிளை விட்டுவிட்டுப் போக வந்து வாசலில் நின்றிருந்தேன். போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா ஜன்னலண்டை நின்று அதைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார். தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு எடுத்தார். வாழ்க்கையில் போனைத் தொட்டதில்லை, தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் போய்த் திருப்பிக் கொடுத்தேன்.

"அண்ணே, ஆலங்கிணறு. தண்ணி இல்ல. ரோடு நல்லாருக்கு." நல்லுசாமியின் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது.

அக்கா மறு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே... கேக்குதா?"

"கேக்குது," என்றார் அக்கா. "இன்னொருக்காச் சொல்லுங்க."

 அந்தப் பக்கம் மில் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. யாரென்று நல்லுசாமிக்குத் தெரிந்துவிட்டது. எப்போதும் கத்திப் பேசுகிற மனுசன் மெதுவாகச் சொன்னார்.

"தண்ணி இல்ல தாயி. ரோடு நல்லாருக்கு."

"அப்ப அவனை அனுப்பலாமா?"

 நல்லுசாமி மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. வெளியே பூக்கடைக்காரர்கள் இரண்டு பேர் லைன் எப்போது காலியாகும் என்று கேட்க வந்து நின்றிருந்தார்கள். அதற்குள் எக்ஸ்சேஞ்சுக்காரர் குறுக்கே வந்து, பேசி முடிச்சாச்சா, லைனை எடுக்கலாமா என்று கேட்டார்.

"இல்ல, இன்னும் முடியல" என்றார் அக்கா. போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.